வரைபடம் முழுக்கச் சிவந்தால் யாரைக் கூப்பிடுவது?

டர்பன் வட்டாரத் தமிழ்க் கோயில்கள், சங்கங்கள், தமிழ்ப் பள்ளிகளின் நிர்வாகக் குழுவினருக்கும், அங்கே கணினி வேலை பார்க்கும் இளைஞர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெரியவர்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

கோயில் அலுவலகம் என்றால் முன்பெல்லாம் ரசீதுப் புத்தகம், ஒரு டெலிபோன், சுவரில் சாமி காலண்டர். இப்போது சாட்ஸ்வொர்த்தில், ஃபீனிக்ஸில், டோங்காட்டில் எங்கே போனாலும் மூலையில் ஒரு ரவுட்டர் கண்சிமிட்டுகிறது. காம்பவுண்டைச் சுற்றிக் கேமரா, கல்யாண மண்டபத்தில் வைஃபை, காவடி நேரலைக்கு ஒரு கம்ப்யூட்டர், தமிழ் வகுப்பில் இன்னும் நான்கு. எது எதோடு மாட்டியிருக்கிறது என்று முழுதாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. மாட்டிய ஆள் ஆஸ்திரேலியா போயிருப்பார்.

அதனால்தான் நெட்வொர்க்கைத் தானே தேடிப் படம் வரைந்து தரும் மென்பொருளைப் போடலாம் என்று சில குழுக்களில் பேச்சு நடக்கிறது. நல்ல யோசனைதான். லிப்ரெஎன்எம்எஸ் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. எனக்குப் பயம் அதற்கு அடுத்த காட்சியைப் பற்றித்தான். தம்பி ஒருவர் சனிக்கிழமை வந்து மென்பொருளைப் போடுவார், கேட்டதற்கெல்லாம் சரி சரி என்று அழுத்துவார், தேடலைத் தொடங்குவார். அழகான படம் வரும். அதை வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள், கைதட்டுவார்கள், வேலை முடிந்தது. தேடல் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் செட்டிங்ஸ் பக்கத்தில் அவருக்கு இரண்டு மாலை நேரம் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் அந்த இரண்டு மாலையை எடுத்துக்கொள்ளவில்லை. 2023ஆம் ஆண்டு லோட்ஷெடிங், அதாவது முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது, நம்மைப் படுத்திய பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நான் உதவி செய்துவந்த ஓர் இடத்தில் கரண்ட் போனதும் என் போனுக்கு நாற்பதுக்கு மேல் எச்சரிக்கை மெயில்கள் வந்து விழுந்தன. இந்தக் கேமரா செத்தது, அந்தக் கேமரா செத்தது, வகுப்பறை பிரிண்டர் செத்தது, மண்டபத்து வைஃபை செத்தது. படத்தைத் திறந்தால் குங்குமத்தைக் கொட்டியது போல எல்லாம் சிவப்பு. உண்மையில் செத்தது ஒன்றே ஒன்று: மண்டபத்துச் சாமான் அறையில், பாத்திர அலமாரிக்கு மேல், பேட்டரி இல்லாமல் உட்கார்ந்திருந்த ஒரு ஸ்விட்ச், அதாவது பல நெட்வொர்க் கேபிள்களை ஒன்றாகச் சேர்க்கும் பெட்டி. கேமராக்கள் அந்த ஸ்விட்ச் வழியாகவே மின்சாரமும் வாங்குபவை, அதனால் அவையும் அணைந்தன. ஆனால் வகுப்பறைப் பக்கம் இன்வெர்ட்டரில் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. அங்கே போகும் வழிதான் அறுந்திருந்தது.

மென்பொருளுக்கு அந்த வித்தியாசம் தானாகத் தெரியாது. அது அலுவலகத்தில் இருக்கும் சர்வரிலிருந்து ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது, பதில் வராவிட்டால் சிவப்புப் பொட்டு வைக்கிறது, அவ்வளவுதான். யாருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். ரவுட்டருக்குப் பிள்ளை அலுவலக ஸ்விட்ச், அதற்குப் பிள்ளை மண்டபத்து ஸ்விட்ச், அதற்குப் பிள்ளைகள் கேமராக்கள் என்று ஒவ்வொரு சாதனத்துக்கும் தாய்ச் சாதனத்தைக் குறிக்கும் இடம் செட்டிங்ஸில் இருக்கும். லிப்ரெஎன்எம்எஸ்ஸில் உண்டு. நாகியோஸ் என்ற இன்னொரு கண்காணிப்பு மென்பொருளில் இன்னும் தெளிவாக, ‘விழுந்தது’ வேறு, ‘எட்ட முடியவில்லை’ வேறு என்று இரண்டு நிலைகளாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். இதை நிரப்பிய பிறகு அடுத்த கரண்ட் கட்டில் எனக்கு வந்தது ஒரே மெயில்: மண்டபத்து ஸ்விட்ச். தாத்தா விழுந்ததைச் சொன்னால் போதும், பேரப்பிள்ளைகளைத் தனித்தனியாக எண்ண வேண்டாம்.

அதோடு இன்னொன்றும் செய்தேன். லிப்ரெஎன்எம்எஸ் வழக்கமாக 5 நிமிடத்துக்கு ஒரு முறை எல்லாச் சாதனத்தையும் கேட்டுப் பார்க்கும். ஒரு முறை பதில் வராததற்கெல்லாம் மெயில் அனுப்பாதே, மூன்று முறை தொடர்ந்து வராவிட்டால் மட்டும் அனுப்பு என்று வைத்தேன். கால் மணி நேரம் தாமதமாகத் தெரியும். கோயிலுக்கு அது போதும், ஆஸ்பத்திரியா நடத்துகிறோம்?

நேரத்தையும் பாருங்கள். இது சின்ன விஷயம் போலத் தெரியும், என்னை ஒரு வாரம் அலைக்கழித்தது. சர்வரின் கடிகாரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருந்தது. தென்னாப்பிரிக்க நேரம் அதைவிட 2 மணி முன்னால். லோட்ஷெடிங் அட்டவணையும் பார்த்தால் 2 மணி நேரத் துண்டுகள். மாலை 6 மணிக்குப் போன கரண்ட், பதிவேட்டில் 4 மணி என்று விழுந்தது. 4 மணித் துண்டு நமக்கு இல்லையே, அப்படியானால் யாரோ கேபிளைத் திருடியிருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, மாநகராட்சிக்கு போன் மேல் போன் போட்டேன். யார் கேபிளையும் யாரும் திருடவில்லை. டர்பனில் அப்படி நினைப்பது ஒன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

அப்புறம் எல்லை. எங்கே தேட வேண்டும் என்று மென்பொருள் கேட்கும்போது, ‘எல்லாம் கிடைக்கட்டுமே’ என்று 10.0.0.0/8 என்ற மாபெரும் முகவரித் தொகுதியையே போட்டுவிடுகிறார்கள். அதில் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல் முகவரிகள். நொடிக்கு 100 முகவரி பார்த்தாலும் கிட்டத்தட்ட இரண்டு நாள் ஓடும். நம் கட்டடத்துக்கு /24 ஒன்று, அதாவது 254 சாதனம், தாராளம். மூன்று கட்டடம் இருந்தால் மூன்று /24 எழுதுங்கள். அதைவிட முக்கியம், விலக்குப் பட்டியல். கோயில் இடத்தில் வாடகைக்கு இருக்கும் கடைக்காரர் நம் இணைப்பையே பகிர்ந்துகொண்டிருந்தால் அவருடைய பணப்பெட்டி இயந்திரத்தை நம் மென்பொருள் போய்த் தட்டக் கூடாது. அனுமதியில்லாமல் பிறர் கணினிக்குள் நுழைவதைக் குற்றமாக்கும் சைபர் குற்றச் சட்டத்தின் பெரும்பகுதி 2021 டிசம்பரிலிருந்து இங்கே நடைமுறையில் இருக்கிறது. கதவைத் தட்டுவது நுழைவது ஆகுமா என்று வக்கீலிடம் காசு கொடுத்துக் கேட்கும் நிலைமை நமக்கு எதற்கு? குழு ஒரு தாளில் ‘இந்தக் கட்டடங்களில், இந்த முகவரிகளில் தேடலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள். நாளைக்கு ஏதாவது ஆனால் அவர் தனியாக நிற்கக் கூடாது.

பிரிண்டர் கதையையும் சொல்லிவிடுகிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். என்மேப் என்ற தேடல் கருவி 1997லிருந்து இருக்கிறது. எந்தச் சாதனத்தில் என்ன மென்பொருள் ஓடுகிறது என்று துருவும்போது அது 9100 என்ற போர்ட்டை, அதாவது சாதனத்துக்குள் போகும் எண்ணிட்ட வாசல்களில் ஒன்றை, வேண்டுமென்றே தாண்டிப் போகும். சில பிரிண்டர்கள் அந்த வழியாக வருவதையெல்லாம் அப்படியே அச்சடித்துவிடும் என்பதுதான் காரணம். எனக்கு அது தெரியாது. ஒன்றையும் விடாதே என்று ஒரு விருப்பத்தைக் கூடச் சேர்த்து ஓட்டினேன். கூழ் ஊற்றும் வெள்ளிக்கிழமைக்கு முந்தின இரவு. காலையில் குருக்கள் அலுவலகத்தைத் திறந்தால் தரையெல்லாம் தாள், ஒவ்வொன்றிலும் இரண்டு வரி கிறுக்கல். ரசீது அடிக்க வைத்திருந்த கட்டு காலி. எந்தக் கருவியானாலும் பிரிண்டர் முகவரிகளை விலக்குப் பட்டியலில் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

கடவுச்சொல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்விட்சுகளிடம் விவரம் கேட்கும் எஸ்என்எம்பி முறையில் ‘பப்ளிக்’ என்ற சொல்லே பல சாதனங்களில் சாவியாக வருகிறது. மாற்றுங்கள். ஸ்விட்ச் ஏற்றுக்கொண்டால் மூன்றாம் பதிப்புக்குப் போய்விடுங்கள், அதில் மறைகுறியீடு உண்டு. படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள், எழுத வேண்டாம்.

மண்டபத்து விருந்தினர் வைஃபையைத் தேடலில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். ஒரு கல்யாணம் நடந்தால் முந்நூறு போன் படத்தில் வந்து உட்காரும். இப்போதைய போன்கள் நெட்வொர்க்குக்கு ஒரு பொய் மேக் முகவரியை (சாதனத்தின் அடையாள எண்ணை) காட்டுகின்றன, மறந்துவிட்டு மீண்டும் சேர்ந்தால் சில போன்கள் வேறு முகவரியோடு வரும். போனவர்களின் ஆவி போலப் படம் முழுக்க அவை தொங்கிக்கொண்டிருக்கும். அது தொல்லை மட்டும்தான் என்றால் பரவாயில்லை. பல போன்களின் பெயரிலேயே ஆளின் பெயர் இருக்கிறது. யார் எந்த நேரத்தில் கோயிலில் இருந்தார் என்ற பட்டியலை நாம் சேர்த்து வைக்கிறோம் என்று அர்த்தம். 2021 ஜூலையிலிருந்து, தனிநபர் தகவலைப் பாதுகாக்கும் போப்பியா சட்டம் முழுதாகக் கட்டுப்படுத்துகிறது. சட்டம் இல்லாவிட்டாலும் வேண்டாத வேலை. அந்தப் படத்தைத்தான் வாட்ஸ்அப்பில் போடுகிறோம் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று, தம்பி தங்கைகளுக்கு. படத்தை நம்பிக் கால்களை மறக்காதீர்கள். சாதனங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும் எல்எல்டிபி செய்திகளை வைத்துத்தான் பல மென்பொருள்கள் கோடு இழுக்கின்றன. இடையில் மலிவான ஸ்விட்ச் ஒன்று இருந்து, அந்தச் செய்தியைக் கண்டுகொள்ளாமல் அப்படியே அந்தப் பக்கம் தள்ளிவிட்டால், இரண்டு சாதனம் நேராக இணைந்திருப்பது போலப் படம் சொல்லும், நடுவில் இருப்பவன் படத்திலேயே இருக்க மாட்டான். சாமான் அறை, மேடைக்கு அடியில், கூரை எல்லாம் ஏறி இறங்கிப் பார்த்து, கையால் சேர்க்க வேண்டியதைச் சேர்த்துவிடுங்கள். கூரையில் குரங்கு ஆன்டெனா வயரைக் கடித்திருந்தால் அதையும் எந்த மென்பொருளும் சொல்லாது.

பெரியவர்களே, படத்தை ஓட்டுவதற்குப் பெரிய டிவி வாங்கலாமா என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். அந்தக் காசில் ஸ்விட்சுகளுக்கு பேட்டரி வாங்குங்கள். நான் சொன்ன ஸ்விட்ச் இன்னும் அதே பாத்திர அலமாரி மேல்தான் இருக்கிறது. பக்கத்தில் இப்போது ஒரு பேட்டரியும் இருக்கிறது.

அன்புடன்,
சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தொண்டர்