முதுகு தேய்த்த சுவர்

காவேரிப்பட்டணம்,
புதன்கிழமை

அன்புள்ள பழனி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் மேசை மேல் வெள்ளைத் தூசி படிந்திருக்கும். துடைத்தால் மறுநாள் மறுபடியும் படியும். நேற்று முன்தினம் கேழ்வரகுக் களியில்கூட நறநறவென்று கடிபட்டது. இன்றுதான் வீடு ஒரு வழிக்கு வந்திருக்கிறது.

கூடத்துச் சுவரை வழவழப்பாக்கிவிட்டோம். நீ வரும்போதெல்லாம் பேச்சு நடுவில் எழுந்துபோய் முதுகைத் தேய்த்துக்கொள்வாயே, அதே சுவர்தான். 1998இல் வீடு கட்டியபோது அது பெரிய நாகரிகம். சிமென்டையும் மணலையும் தளரக் குழைத்து, துடைப்பத்தில் தொட்டுத் தொட்டுச் சுவரில் அடித்தார் கொத்தனார். காய்ந்ததும் முள்முள்ளாக நின்றது. உறவுக்காரர்கள் நாலு பேர் வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அந்தச் சுவரால் நான் கண்டதெல்லாம் முள்ளுக்கு முள் ஒட்டடையும் பேரன் முழங்கையில் சிராய்ப்பும்தான். "இது சுவரா, பலாப்பழமா?" என்று வீட்டில் கேட்கத் தொடங்கிப் பல வருடம் ஆகிறது. எனக்குத்தான் காது கேட்கவில்லை.

உன் மாடி அறையையும் இப்படிச் செய்யலாமா என்று கேட்டிருந்தாய். செய்யலாம். ஆனால் முதலில் நான் பட்ட அவமானத்தைக் கேட்டுக்கொள்.

முதலில் வந்த பெயின்டர் சுவரை ஒரு பார்வை பார்த்தார். "பட்டியைக் கனமாக இழுத்துவிட்டால் பள்ளமெல்லாம் மூடிக்கொள்ளும், மூன்று நாள் வேலை" என்றார். பட்டி என்றால் பெயின்டுக்கு முன்னால் சுவரை வழவழப்பாக்க இழுக்கிற வெள்ளைப் பசை. மூன்று நாளில் முடித்தும் கொடுத்துவிட்டார். முட்டை ஓடு மாதிரி இருந்தது சுவர். நான் தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். ஐந்தாவது வாரம் ஒரு மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்தபோது 'சட்'டென்று சத்தம். முறம் அகலத்துக்கு ஒரு பாளம் தரையில் கிடந்தது. குனிந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பட்டியின் பின்புறம் முழுவதும், முன்பு தண்ணீரில் கரைத்து அடித்த டிஸ்டம்பர் வண்ணத்தின் பச்சை அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. பட்டி சுவரைப் பிடிக்கவே இல்லை, டிஸ்டம்பர் மாவைத்தான் பிடித்திருந்தது. போதாததற்கு, இரண்டு முறை பூசியதும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாத பொருளை அவர் அரை விரல் கனத்துக்கு அப்பியிருந்தார். அவரைச் சொல்லி என்ன பயன், மூன்று நாள் என்றதும் தலையாட்டியவன் நான்தானே.

அதனால் நீ ஆளைக் கூப்பிடும் முன் ஒரு காரியம் செய். உள்ளங்கையை நனைத்துச் சுவரில் அழுத்தித் தேய்த்துப் பார். கையில் மாவு மாதிரி நிறம் ஒட்டினால் அது டிஸ்டம்பரோ சுண்ணாம்போதான். அத்தனையையும் சுரண்டி எடுக்காமல் அதன் மேல் எதைப் பூசினாலும் என் கதிதான். விரல் மடக்கித் தட்டியும் பார். 'தொப்' என்று வெற்றொலி கேட்கிற இடத்தில் பழைய பூச்சே சுவரை விட்டு விலகியிருக்கிறது. அந்த இடத்தைக் கொத்தி எடுத்துவிட வேண்டும். உன் அறைக்கு அடுத்த பக்கம் குளியலறை என்பது எனக்கு நினைவிருக்கிறது. அடிச்சுவரில் உப்புப் பூத்திருந்தால் முதலில் குழாய்க் கசிவை நிறுத்து. அதுவரை பெயின்ட் கடைப் பக்கமே போகாதே.

இரண்டாவதாக வந்தவர் கிருஷ்ணகிரிக்காரர், வயதான கொத்தனார். அவர் பட்டி என்ற சொல்லையே முதல் வாரம் எடுக்கவில்லை. சுவரை நனைத்து டிஸ்டம்பரைச் சுரண்டினார். முள் தலைகளை உளியால் தட்டி உடைத்து, சாணைக்கல்லால் தேய்த்தார். ஒட்டுவதற்கான திரவத்தைச் சிமென்ட் பாலில் கலந்து ஒரு கை அடித்துவிட்டு, அது காய்வதற்குள் சன்னமாகச் சலித்த மணலில் மெல்லிய பூச்சு ஒன்று பூசி மட்டப்பலகையால் இழுத்தார். ஆற்று மணலுக்கு எங்கே போவது? நம் பக்கத்துக் கல் கிரஷரில் அரைத்த பூச்சு மணல்தான். ஏழு நாள் தண்ணீர் காட்டச் சொன்னார். பிறகு ஒரு மாதம் உலர விட்டோம். வீட்டில் கோபம் வந்தது அந்த மாதத்தில்தான்.

பட்டி அதற்கு அப்புறம்தான். நாற்பது கிலோ மூட்டையை ஒரேயடியாகக் குழைக்கக் கூடாது, இரண்டு மூன்று மணி நேரத்தில் தீர்கிற அளவுதான். சுவரை லேசாக நனைத்துவிட்டு, கீழிருந்து மேலாக இழுத்தார். எனக்குப் பிடித்தது அதற்கடுத்த வேலை. ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, ஒரே ஒரு பல்பைச் சுவரோடு ஒட்டிப் பிடிக்கச் சொன்னார். பகலில் கண்ணாடி மாதிரி தெரிந்த சுவரில் எத்தனை மேடு, எத்தனை பள்ளம்! நிழல் விழுந்த இடத்திலெல்லாம் பேரன் பென்சிலால் வட்டம் போட்டான். விடிந்து பார்த்தால் சுவருக்கு அம்மை போட்டது போலிருந்தது. வட்டம் வட்டமாகப் பட்டி தொட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். அந்தத் தூசிதான் களிக்குள் போனது. மூக்கில் துணி கட்டாமல் அந்த அறைக்குள் நுழையாதே, உனக்கு ஏற்கெனவே இளைப்பு.

பெயின்டுக்கு அடியில் பூசுகிற பிரைமர் ஒரு கை, அதன் மேல் எமல்ஷன் பெயின்ட் இரண்டு கை. நிறம் நான் தேர்ந்தெடுக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இளஞ்சந்தனம். பளபளப்பு வேண்டாம் என்று மட்டும் நான் பிடிவாதம் பிடித்தேன். பளபளப்பான பெயின்ட் சின்னப் பள்ளத்தையும் காட்டிக்கொடுத்துவிடும், மங்கலானது மறைத்துக்கொள்ளும்.

ஒரு நாள் தேய்த்துக் களைத்து உட்கார்ந்திருந்தபோது, பர்கூர் பக்கம் மல்லப்பாடிப் பாறைக்கு நாம் ஏறிப் போனது நினைவுக்கு வந்தது. குதிரை மேல் இருந்து சண்டை போடுகிற வெள்ளை ஓவியம். வரைந்தவன் பாறைக்குப் பட்டி பார்த்தானா, பிரைமர் அடித்தானா? இதைக் கொத்தனாரிடம் சொன்னேன். "அவனுக்கு வீட்டில் கேள்வி கேட்க ஆள் இல்லை" என்றார்.

வேறு செய்தி பெரிதாக இல்லை. பெங்களூரா மாங்காய்க்குக் கூழ் ஆலைக்காரர்கள் கொடுத்த விலை பறிகூலிக்குக்கூடக் காணவில்லை. பாதியை மரத்திலேயே விட்டுவிட்டோம். மூட்டு வலிக்கு என்ன தைலம் போடுகிறாய் என்று தங்கச்சியிடம் கேட்டு எழுது.

வெளித் திண்ணைச் சுவரில் கை வைக்கவில்லை. பழைய முள் அப்படியே இருக்கிறது, உன் முதுகுக்குப் போதும். வரும்போது அரூர்ச் சந்தையில் கொட்டை எடுத்த புளி நல்லதாகக் கிடைத்தால் ஐந்து கிலோ வாங்கி வா, பணம் இங்கே தருகிறேன்.

அன்புடன்,
மாதப்பன்