காட்டாத சீட்டும் பேசும்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். மகள் பிள்ளைகளோடு வந்திருக்கிறாள். பேரப்பிள்ளைகள் பழைய க்ளூடோ பெட்டியைத் தூசி தட்டி எடுத்துவிட்டார்கள், கொலையாளியைத் துப்பறிந்து கண்டுபிடிக்கும் அந்தப் பலகை விளையாட்டுதான். தினமும் சாயங்காலம் அதுதான்.

கைபேசியில் ஆயிரம் விளையாட்டு இருக்க, அந்த அட்டையில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். கதை இல்லை. செத்தவரைப் பற்றி ஆடுகிறவர்கள் யாரும் கவலைப்படுவதில்லை. கொன்றது யார், எதனால், எந்த அறையில் என்பதுதான் கேள்வி. ஆறு பேர், ஆறு ஆயுதம், ஒன்பது அறை என்று 324 விடைகளுக்கு இடமிருக்கிறது. சரியான விடை மூன்று சீட்டாக உறைக்குள். மிச்சம் 18 சீட்டும் நம் கைகளில்தான். துப்பு முழுக்க மேசையைச் சுற்றியே இருக்கிறது, ஆளுக்குக் கொஞ்சமாக.

நேற்று பேத்தி பிளம் (அந்த ஆறு பேரில் ஒருவர்), கயிறு, நூலகம் என்று கேட்டாள். பக்கத்திலிருந்த தம்பி அந்த மூன்றில் தன்னிடமிருந்த ஒரு சீட்டை அவளுக்கு மட்டும் காட்டினான். பிளம் என் கையில். கயிறு மகளிடம் இருப்பது முன்பே தெரியும். அப்படியானால் அவன் காட்டியது நூலகம்தானே! கண்ணால் பார்க்காத சீட்டை அடித்துச் சொல்ல முடிகிற அந்த நொடிக்காகவே எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆடலாம். யாரும் எதையும் காட்டாமல் போனால் இன்னும் பரபரப்பு: மூன்றும் உறையிலா, இல்லை, கேட்டவளே ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நம்மைத் திசைதிருப்புகிறாளா? அவள் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கைபேசியில் எதிராளியின் முகம் ஏது?

இதை உருவாக்கிய அந்தோனி பிராட் பர்மிங்காமைச் சேர்ந்த பியானோ கலைஞர். உலகப் போர் நடக்கும்போதே, 1944-இல், காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பலகையை வரைந்தது அவர் மனைவி எல்வா. போருக்குப் பிந்தைய தட்டுப்பாட்டால் 1949-இல்தான் கடைக்கு வந்தது.

ஒரு குறை உண்டு. கேட்க வேண்டிய கேள்வி மனதில் தயாராக இருக்கும். பகடை ஒத்துழைக்காமல் அந்த அறைக்குப் போய்ச் சேர முடியாது. அதனால்தான் எனக்கு ஸ்காட்லாந்து யார்டு என்ற இன்னொரு பலகை விளையாட்டு ஒரு படி மேல். 1983-இல் ஜெர்மனியில் ஆண்டின் சிறந்த விளையாட்டு விருது வாங்கியது. அதில் பகடையே கிடையாது. லண்டன் வரைபடத்தில் மிஸ்டர் எக்ஸ் ஒளிந்து ஓட, மற்றவர்கள் கூடிப் பேசித் துரத்த வேண்டும். டாக்சியா, பேருந்தா, சுரங்க ரயிலா என்பது டிக்கெட்டில் தெரியும். ஆள் நிற்கும் இடம் மூன்றாவது, எட்டாவது, பதின்மூன்றாவது என்று சில நகர்வுகளில் மட்டும் வெளிப்படும். இடையில் "இங்கேதான் இருப்பான்", "இல்லை, ஆற்றைத் தாண்டியிருப்பான்" என்று நடக்கும் வாக்குவாதம் இருக்கிறதே, அதுதான் ஆட்டமே.

அதற்கு ஆள் வேண்டும். நாலு பேர் துரத்தினாலும் முகத்தில் எதையும் காட்டாதவன் நீ, மிஸ்டர் எக்ஸ் நீதான். பிள்ளைகள் மாதக் கடைசிவரை இருப்பார்கள். என்றைக்கு வருகிறாய் என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி