தம்பியின் ரிப்போர்ட்டும் நான் சொல்லாமல் விட்டதும்

பாளையங்கோட்டை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை, அடுத்த ஆண்டுக்குள் ஒரு குழந்தை வேண்டும் என்று நீயும் மாப்பிள்ளையும் எண்ணியிருப்பதாக நீ போனில் சொன்னபோது, நான் பேச்சை மாற்றி மாவடு பார்சல் வந்து சேர்ந்ததா என்று கேட்டேன். நீ அதைக் கவனித்திருப்பாய். ஒன்பது ஆண்டுகளாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

தம்பியின் நோய்க்கு எக்ஸ்-லிங்க்டு அகாமாகுளோபுலினீமியா என்று பெயர். அந்தப் பெயரின் முதல் பாதியை நான் உனக்கு விளக்கியதே இல்லை. கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடிகளை உண்டாக்குபவை பி செல்கள். அவை எலும்பு மஜ்ஜையில் வளர்ந்து முதிர்வதற்கு பிடிகே என்ற புரதம் வேண்டும். அந்தப் புரதத்துக்கான ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு என்பதால் ஒன்றில் பிழை இருந்தாலும் மற்றொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆணுக்கு இருப்பது ஒன்றுதான், அதுவும் தாய் கொடுத்தது. 2016இல் தம்பிக்கு ஜீன் பரிசோதனை செய்தபோது என் ரத்தத்தையும் எடுத்தார்கள். அவனிடம் உள்ள அதே பிழை என்னிடமும் இருக்கிறது. அது உன்னிடமும் இருப்பதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. இருந்தால், உனக்குப் பிறக்கும் ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும் நோய் வருவதற்குச் சரிபாதி. ஒவ்வொரு பெண் குழந்தையும் உன்னையும் என்னையும் போல இருப்பதற்குச் சரிபாதி.

இப்படிப்பட்ட பெண்ணை டாக்டர்கள் 'கேரியர்' என்கிறார்கள். தமிழாசிரியையாக இருந்த பழக்கத்தில் நல்ல சொல் ஒன்று தேடிப் பார்த்தேன். 'கடத்தி' என்றால் மின்கம்பி நினைவுக்கு வருகிறது. 'கடத்துபவர்' என்றால் போலீஸ் வந்துவிடும். கடைசியில், நம் வீட்டில் கேரியர் என்றால் சாப்பாட்டுத் தூக்குதானே, அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆச்சி வீட்டுக் கூடத்தில் மாலை போட்ட சிறு படத்தில் இருக்கும் உன் மாமாவை நினைத்துப் பார். அவன் 1979இல், நான்கு வயதில் இறந்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது. காதில் சீழ், நெஞ்சில் சளி, காய்ச்சல், பிறகு சில வாரம் நன்றாக இருப்பான், மறுபடியும் காய்ச்சல். பாலாரிஷ்டம் என்றார்கள், கண்ணேறு என்றார்கள், ஆச்சியின் ராசியைக்கூடச் சொன்னார்கள். ஆச்சி அதை நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். 1952ஆம் ஆண்டிலேயே, வாஷிங்டனில் உள்ள வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில், ஆக்டன் புரூட்டன் என்ற குழந்தை மருத்துவர் இப்படியே மீண்டும் மீண்டும் நோயுற்ற எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் ரத்தத்தில் ஆன்டிபாடிகள் அடங்கிய காமா குளோபுலின் இல்லை என்று கண்டுபிடித்து, அதை ஊசியாகச் செலுத்தி அவனைக் காப்பாற்றியிருந்தார். அந்தச் செய்தி இருபத்தேழு ஆண்டுகளாகியும் நம் தெருவுக்கு வரவில்லை.

தம்பி பிறந்த முதல் ஆறு மாதம் அவனைப் போல ஆரோக்கியமான குழந்தை இல்லை. கர்ப்பத்தில் என்னிடமிருந்து போன ஆன்டிபாடிகள் அதுவரை அவனைக் காத்தன என்பது பின்னால்தான் தெரிந்தது. அவை தீர்ந்ததும், என் தம்பியிடம் கண்டதெல்லாம் அவனிடமும் வரிசையாக வந்தது. இரண்டரை வயதுக்குள் மூன்று நிமோனியா. ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாட்டிக் எழுதித் தந்தார்களே தவிர, அடுத்தடுத்து ஏன் வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. வீட்டில் வேறு ஆண் குழந்தை இப்படி இறந்ததுண்டா என்றும் கேட்கவில்லை. நானாகச் சொல்லியிருக்கலாம், சொல்லத் தோன்றவில்லை. முழங்கால் வீங்கியபோது பார்த்த இளம் டாக்டர் ஒருவர்தான் டார்ச்சடித்து வாயைப் பார்த்துவிட்டு, "டான்சிலை ஏற்கெனவே எடுத்துவிட்டீர்களா?" என்று கேட்டார். எடுக்கவில்லை, பி செல்கள் இல்லாததால் அது வளரவே இல்லை. மறுவாரமே ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்து நோய் தெரிந்தது.

அன்று முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஆன்டிபாடி மருந்தை டிரிப்பாக ஏற்றுகிறார்கள். இப்போது அவன் எடைக்கு ஐந்து கிராம் பாட்டில் ஐந்து வேண்டியிருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொடுத்த பிளாஸ்மாவைச் சேர்த்துப் பிரித்தெடுக்கும் மருந்து அது. அதற்கு ஆகும் செலவை நீயும் சுமந்திருக்கிறாய். டிரிப் தொடங்கிய பின் அவனுக்கு நிமோனியா வரவில்லை. ஆனால் அதற்கு முன் வந்த மூன்றும் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியைக் கெடுத்துவிட்டன. விடியற்காலையில் அவன் குனிந்து படுத்துச் சளியை வெளியேற்றும் சத்தம் அந்தக் கணக்குதான்.

இனி நீ செய்ய வேண்டியது. தம்பியின் ஜீன் ரிப்போர்ட்டின் நகலை இதனுடன் வைத்திருக்கிறேன். பிழை இருக்கும் இடத்தைப் பென்சிலால் கோடிட்டிருக்கிறேன். இடம் தெரிந்திருப்பதால் உன் ரத்தத்தில் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். புனேயிலிருந்து மும்பை உனக்குத் தூரமில்லை. பரேலில் கேஇஎம் மருத்துவமனை வளாகத்தில் ஐசிஎம்ஆரின் இம்யூனோஹீமட்டாலஜி நிறுவனம் இருக்கிறது. பிறவி எதிர்ப்புக் குறைபாட்டு நோய்களைப் பார்ப்பவர்கள் அவர்கள். மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போ.

உனக்கும் பிழை இருந்தால், கர்ப்பத்தின் பதினோராவது வாரத்தை ஒட்டி நஞ்சுக்கொடியின் திசுவை எடுத்துப் பார்க்கலாம். பாலினத்தைச் சொல்லக் கூடாது என்னும் 1994ஆம் ஆண்டுச் சட்டமே, இப்படிப் பாலினத்தோடு பிணைந்த மரபுநோய்களுக்கான சோதனையைப் பதிவு பெற்ற மையங்களில் அனுமதிக்கிறது. அந்த வழியில் போவதா வேண்டாமா என்பது உங்கள் இருவர் முடிவு. நான் அதில் தலையிட மாட்டேன். முன்பே தெரிந்திருந்தால் என்னைப் பெற்றிருப்பாயா என்று தம்பி ஒருநாள் என்னிடம் கேட்டான். தெரிந்திருந்தால் உனக்கு மூன்று நிமோனியா குறைந்திருக்கும் என்றேன்.

சோதனை எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தாலும் இதை மட்டும் மறக்காதே. ஆண் குழந்தை பிறந்தால் தொப்புள்கொடி ரத்தத்திலேயே பி செல்களை எண்ணச் சொல். ஐஜிஜி என்ற ஆன்டிபாடியின் அளவைப் பார்த்து ஏமாறக் கூடாது. அப்போது குழந்தையிடம் இருப்பது உன் ஐஜிஜி. முடிவு வரும்வரை போலியோ சொட்டு மருந்து முதலான உயிருள்ள தடுப்பு மருந்துகளை நிறுத்திவைக்கும்படி பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் எழுதிக் கொடுத்துவிடு.

நான் ஏன் இத்தனை நாள் மறைத்தேன் என்று கேட்பாய். 2016இல் நீ கல்லூரியில் சேரும் சமயம். படிப்பு முடியட்டும் என்றிருந்தேன். பிறகு, தம்பியின் நோயைக் கேள்விப்பட்டே இரண்டு வரன்கள் பின்வாங்கின. இதையும் சொன்னால் என்ன ஆகுமோ என்று பயந்தேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் தம்பியைப் பற்றிச் சொன்னேன், உன்னைப் பற்றிய இந்தப் பாதியைச் சொல்லவில்லை. அவர்கள் கோபப்பட்டால் அது என்மேல் வரட்டும். உனக்கே தெரியாது என்பதை நானே அவர்களிடம் சொல்கிறேன். சித்திக்கு நேற்றுச் சொல்லிவிட்டேன், அவளுக்கும் பெண் இருக்கிறாளே.

இந்த மாத டிரிப் 14ஆம் தேதி. அன்று மாலை நான்கு மணிக்கு மேல் கூப்பிடு. தம்பியும் பக்கத்தில் இருப்பான். ரிப்போர்ட்டில் உனக்குப் புரியாததைத் தான் விளக்குவதாகச் சொல்லியிருக்கிறான்.

அம்மா