பட்டத்தில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் மருத்துவக் கல்லூரிகளுக்கு உலக அங்கீகாரம் கிடைத்திருப்பதால் நம் பிள்ளைகள் இனி அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தடையின்றி டாக்டராகலாம் என்ற பொருளில் உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எங்கள் தெருவில் இரண்டு பெற்றோரும் அதைப் படித்திருக்கிறார்கள். "அப்போ இனிமேல் பரீட்சையே கிடையாதா அக்கா?" என்று என்னிடம் வந்து கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். சென்னையில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி அலுவலகத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். கடைசி 12 ஆண்டுகள் மாணவர் பிரிவு. 'இவர் உங்களிடம் படித்தவர்தானா?' என்று வெளிநாட்டிலிருந்து கேட்டு வரும் கடிதங்களுக்குப் பதில் தயார் செய்வதும் என் வேலையாக இருந்தது.

அந்த அங்கீகாரம் உண்மைதான். 2023 செப்டம்பரில், உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்பு நமது தேசிய மருத்துவ ஆணையத்துக்கு 10 ஆண்டுகளுக்கு அதை வழங்கியது. ஆணையத்தின் கீழ் அப்போது இருந்த 706 கல்லூரிகளுக்கும் அது பொருந்தியது. பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் அது கல்லூரிக்குக் கிடைத்த அங்கீகாரம். அங்கே படித்து வெளியே வரும் டாக்டர் தனக்கான அங்கீகாரத்தைத் தானே தேர்வு எழுதித்தான் வாங்க வேண்டும். அமெரிக்கா என்றால் யு.எஸ்.எம்.எல்.இ. என்ற உரிமத் தேர்வு, அதன் பிறகு அங்கே ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி. ஆஸ்திரேலியா என்றால் ஏ.எம்.சி. தேர்வு. பிரிட்டன் என்றால் பிளாப் தேர்வு. அதன் முதல் பகுதி 3 மணி நேரத்தில் 180 கேள்விகள். இரண்டாம் பகுதிக்கு மான்செஸ்டருக்கே போக வேண்டும். இவற்றோடு ஆங்கிலத் தேர்வும் உண்டு. பிரிட்டனுக்காக ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வை எழுதினால் மொத்தத்தில் 7.5 வாங்க வேண்டும், எந்தப் பிரிவிலும் 7-க்குக் கீழே போகக் கூடாது.

நம் எம்.பி.பி.எஸ். பட்டத்தை மட்டும் வைத்து பிரிட்டனில் பதிவு செய்த காலமும் இருந்தது. பிரசவப் பயிற்சி போதவில்லை என்று லண்டனில் உள்ள மருத்துவக் கவுன்சில் கிளப்பிய தகராறு முற்றி, 1930-ல் இந்தியப் பட்டங்களுக்கான அங்கீகாரத்தை நிறுத்தினார்கள். நமக்கென்று ஒரு மருத்துவக் கவுன்சில் வேண்டும் என்று 1933-ல் சட்டம் வந்ததற்கு அதுவே காரணம். பின்னர் திரும்பக் கொடுத்த அங்கீகாரத்தை 1975-ல் மறுபடி நிறுத்தினார்கள். அன்றிலிருந்து பெரும்பாலோருக்குப் பரீட்சைதான் வழி.

பரீட்சையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நம் பிள்ளைகள் எழுதி ஜெயித்துவிடுகிறார்கள். ஜெயித்த பிறகு அவர்கள் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள் என்பதை யாரும் எழுதுவதில்லை. பெயரில் மாட்டுகிறார்கள், கையெழுத்தில் மாட்டுகிறார்கள்.

நம் ஊரில் பிள்ளைக்கு ஒரு பெயர், முன்னால் அப்பாவின் முதலெழுத்து. பள்ளிச் சான்றிதழில் அப்படித்தான் இருக்கும், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலிலும் அப்படித்தான். அதைப் பார்த்தே கல்லூரியில் பதிவேடு எழுதுகிறோம், பட்டமும் பெரும்பாலும் அதன்படியே அச்சாகிறது. பாஸ்போர்ட்டிலோ இனிஷியலை அப்படியே போட முடியாது, விரித்து எழுத வேண்டும். அப்பா பெயர் முழுசாக வரும், சிலருக்கு அது முன்னால், சிலருக்குப் பின்னால். கல்யாணமான பெண்கள் சிலருக்கு அந்த இடத்தில் கணவர் பெயர் வந்துவிடும். அந்த அப்பா பெயரையாவது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதியிருப்பார்களா? ரேஷன் கார்டில் முனுசாமி, பள்ளியில் முனிசாமி. லட்சுமியை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதிப் பார்த்திருக்கிறேன். நமக்கு இவை எல்லாம் ஒரே ஆள். அமெரிக்காவில் கோப்பைத் திறக்கும் அலுவலருக்கு இரண்டு ஆள். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

பிறகு கையெழுத்து. பிரிட்டனுக்குப் போனாலும் அமெரிக்காவுக்குப் போனாலும், பட்டம் அசல்தானா என்று கல்லூரியிடம் நேரடியாகக் கேட்டு உறுதி செய்கிறார்கள். பிரிட்டனுக்கு 'எபிக்' என்ற இணையவழிச் சரிபார்ப்பு முறையில் இது நடக்கிறது. வளைகுடா நாடுகளுக்கு 'டேட்டாஃப்ளோ' என்ற நிறுவனம் சரிபார்க்கிறது. மாணவர் கையில் கொடுத்தனுப்பும் சான்று செல்லாது, கல்லூரியிலிருந்தே பதில் போக வேண்டும். யார் கையெழுத்துப் போடலாம் என்ற பட்டியலும் மாதிரிக் கையெழுத்தும் அவர்களிடம் முன்கூட்டியே இருக்க வேண்டும். டீன் மாறினால் புதியவரின் கையெழுத்தை அனுப்பி வைக்க வேண்டும். அரசுக் கல்லூரியில் டீன் எத்தனை முறை மாறுவார் என்பது உங்களுக்கே தெரியும்.

வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்து படித்த ஒரு பெண்ணை என்னால் மறக்க முடியவில்லை. அப்பா நெசவாளர். வீட்டில் முதல் பட்டதாரி. சி.ஆர்.ஆர்.ஐ. என்ற கட்டாய மருத்துவமனைப் பயிற்சியை முடித்து, ஓர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே படித்து பிளாப் இரண்டு பகுதியும் தேறியிருந்தாள். அவளுடைய பட்டத்தைச் சரிபார்க்கும் விண்ணப்பம் எங்கள் அலுவலகத்துக்கு வந்த வாரம்தான் டீன் மாற்றலாகிப் போனார். புதியவர் பொறுப்பேற்றார். அவர் கையெழுத்து மாதிரியை அனுப்ப வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் போட்ட கையெழுத்து ஏற்கப்படாமல் திரும்பி வந்தது. அது திரும்பியதே எங்களுக்குத் தெரிய ஒரு மாதம். கையெழுத்து சரியான பிறகு பெயர் பொருந்தவில்லை என்று மறுபடி வந்தது. அண்ணா சாலையில் உள்ள எழுதுபொருள் அச்சுத் துறை அலுவலகத்துக்கு நடையாக நடந்து, அரசிதழில் பெயரை வெளியிட்டு, பிரமாணப் பத்திரம் கொடுத்து அதைச் சரி செய்தாள். அதற்குள் ஆங்கிலத் தேர்வின் இரண்டு ஆண்டுக் காலம் முடிந்துவிட்டது. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் வாங்கியிருந்த நன்னடத்தைச் சான்றுக்கோ மூன்று மாதம்தான் ஆயுள். வேலை தருவதாகச் சொன்ன மருத்துவமனை வேறொருவரை எடுத்துக்கொண்டது.

அவள் எங்கள் கவுண்டருக்கு எத்தனை முறை வந்தாள் என்று நான் எண்ணவில்லை. ஒரு முறைகூடக் குரலை உயர்த்தவில்லை. "பரவாயில்லை மேடம், அடுத்த வாரம் வர்றேன்" என்பாள். அந்தப் பரவாயில்லைதான் இன்னும் என் காதில் இருக்கிறது. அவள் படித்தது சரியாகப் படித்தாள், எழுதியதும் சரியாக எழுதினாள். தவறியது நாங்கள்.

இந்தச் சரிபார்ப்பே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு வளைகுடா நாட்டிலிருந்து வந்த விண்ணப்பத்தில் எங்கள் கல்லூரிப் பட்டம் ஒன்றின் நகல் இருந்தது. முத்திரை இருந்தது, எழுத்து அழகாக இருந்தது. பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் அந்தப் பதிவெண்ணில் படித்தவர் வேறு ஒருவர். அன்று நாங்கள் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால், மருத்துவம் படிக்காத ஒருவர் எங்கோ ஒரு நோயாளியின் மேல் கை வைத்திருப்பார். அதனால் கேட்பவர்கள் கேட்கட்டும். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நாம் இருக்கிறோம், நாம்தான் சொல்லாமல் இருக்கிறோம். டேட்டாஃப்ளோவுக்குப் பதில் போகவில்லை என்றால் 'சரிபார்க்க இயலவில்லை' என்று அறிக்கை எழுதிவிடுவார்கள். அதைப் படிப்பவருக்கு அந்த டாக்டர் மேல்தான் சந்தேகம் வரும்.

அரசு செலவில் படித்துவிட்டு ஏன் வெளிநாடு போக வேண்டும் என்று வாசகர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கிராமத்தில் டாக்டர் இல்லாத வலி எனக்கும் தெரியும், என் அம்மா வீடு அப்படிப்பட்ட ஊர்தான். போகக் கூடாது என்று அரசு நினைத்தால் பாண்ட் எழுதி வாங்கட்டும், சேவை ஆண்டுகளைக் கூட்டட்டும். சட்டம் போகலாம் என்று சொல்லும்போது, ஒரு கடிதத்தை மேஜையில் கிடக்கவிட்டு அவர்களைத் தடுப்பது கொள்கை ஆகாது. சேவையை முடித்து, அனுபவத்துக்காகப் போய், திரும்பி வந்து இங்கே துறைத் தலைவரானவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டில் படித்துத் திரும்பும் நம் பிள்ளைகளுக்கும் இதே கதை எதிர்த்திசையில் நடக்கிறது. அவர்கள் எழுதும் எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் 300-க்கு 150 எடுக்க வேண்டும், பல முறை ஐந்தில் ஒருவர் அளவுக்கே தேறுகிறார்கள். 2021-ல் வந்த விதிகளின்படி 54 மாதப் படிப்பு, அங்கே ஓராண்டு பயிற்சி, இங்கே ஓராண்டு பயிற்சி எல்லாம் வேண்டும். இத்தனையும் முடித்து அரும்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் வாசலில் நிற்கும்போது, போர் நடக்கும் நாட்டில் இருக்கும் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வரக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அந்தப் பெற்றோரைக் கேட்டால் தெரியும். அந்த நாட்டுக் கல்லூரி சீக்கிரம் பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கும் நாம், நம்மிடம் கேட்பவர்களுக்கும் சீக்கிரம் சொல்ல வேண்டாமா?

கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தை நான் வேண்டிக் கேட்டுக்கொள்வது, சேர்க்கையின்போதே விரித்த பெயரை எழுதி வாங்கி, பட்டத்தில் இனிஷியலோடு சேர்த்து அதையும் அச்சிடுங்கள் என்பதுதான். ஒரு வரி கூடுதல் மை. கல்லூரிகளில் டீன் பொறுப்பேற்கும் நாளில் சாவி, கோப்பு எல்லாம் ஒப்படைப்பதோடு மாதிரிக் கையெழுத்தையும் அன்றே அனுப்ப வேண்டும். சரிபார்ப்புக் கடிதங்களுக்கென்று ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்கி, அவர் விடுப்பில் போனால் அடுத்தவர் யார் என்பதையும் சுவரில் ஒட்ட வேண்டும். மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவர்கள் இப்போதே பாஸ்போர்ட் எடுத்து, பிளஸ் டூ சான்றிதழோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் படிக்கும்போதே சரி செய்துவிடலாம்.

அந்தப் பெண் பிறகு வேறு வழியில் மஸ்கட் போனாள். அவளுடைய டேட்டாஃப்ளோ கடிதம் வந்த அன்று நானே பதிவேட்டை எடுத்து, நானே டீன் அறைக்குக் கொண்டுபோய், மாலைக்குள் பதிலை அனுப்பினேன். நான் ஓய்வு பெற இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

சென்னையில் எந்த மருத்துவக் கல்லூரி அலுவலகமாவது இந்த வேலையைப் புதியவர்களுக்குப் பழக்கித் தரக் கேட்டால், பெரம்பூரிலிருந்து பஸ் பிடித்து வரத் தயாராக இருக்கிறேன். சம்பளம் எதுவும் வேண்டாம். பழைய பதிவேடுகளை எப்படித் தேடுவது, எந்தக் கடிதத்துக்கு எந்த முத்திரை என்று எழுதி வைத்த நோட்டுப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. அதையும் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்,
பெரம்பூர், சென்னை.