'பிரசன்ட்லி' என்றால் எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மொழிபெயர்ப்புப் பகுதியில் 'பிரசன்ட்லி' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் 'தற்போது' என்ற ஒரே பொருளைக் கொடுத்திருந்தீர்கள். பழைய ஆங்கில நூல்களைத் தமிழாக்குபவர்களுக்கு இது போதாது. பல இடங்களில் தவறாகவே முடியும்.

அந்தச் சொல்லுக்கு ஒரு காலத்தில் 'உடனே' என்ற பொருளே ஓங்கியிருந்தது. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில் மத்தேயு 21:19ஐப் பாருங்கள். இயேசு சொன்னதும் அத்திமரம் 'பிரசன்ட்லி' பட்டுப்போகிறது. தமிழ் வேதாகமத்தில் அங்கே 'உடனே' என்றுதான் இருக்கிறது. கிரேக்க மூலமும் அதையே சொல்கிறது. அடுத்த வசனத்தில், இவ்வளவு சீக்கிரம் பட்டுப்போனதே என்று சீடர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். 'சற்று நேரம் கழித்து' என்று எழுதினால் அந்த ஆச்சரியம் எங்கிருந்து வரும்? ஷேக்ஸ்பியரின் 'டெம்பெஸ்ட்' நாடகத்திலும், வேலை ஏவப்பட்ட ஏரியல் என்ற ஆவி "பிரசன்ட்லி?" என்று கேட்க, ஆமாம், கண்ணிமைக்கும் நேரத்தில் என்கிறான் அதன் எஜமான் பிராஸ்பரோ.

பிறகு அதன் அவசரம் தேய்ந்து 'சற்று நேரத்தில்' ஆகிவிட்டது. 'இதோ வந்துட்டேன்' என்பவர் அரைமணி கழித்து வருகிறார் அல்லவா, அதே கதைதான். இன்று 'விரைவில்', 'சற்று நேரத்தில்' என்று பொருள்படும் 'சூன்', 'அனான்' என்ற ஆங்கிலச் சொற்கள் இரண்டும் பழைய ஆங்கிலத்தில் 'உடனே' என்றிருந்து இப்படியே இளகியவை.

'தற்போது' என்ற பொருளும் பழையதுதான். 17ஆம் நூற்றாண்டுக்குப் பின் இங்கிலாந்தின் எழுத்துநடையில் அருகிப்போனாலும் ஸ்காட்லாந்தில் அது அழியவில்லை. நம் அலுவலகக் கடிதங்களில் 'பிரசன்ட்லி ரிசைடிங் அட்' (தற்போது வசிக்கும் இடம்) என்று எழுதுவதும் இந்தப் பொருளில்தான். அதைப் பிழை என்று அடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

மொழிபெயர்க்கும்போது முதலில் நூலின் காலத்தையும் அடுத்து வினையையும் பார்க்க வேண்டும். 1650க்கு முந்தைய நூல் என்றால் முதலில் 'உடனே' பொருந்துகிறதா என்று பாருங்கள். 19ஆம் நூற்றாண்டு நாவலில் இறந்தகால வினையோடு வந்தால் பெரும்பாலும் 'சற்றைக்கெல்லாம்'. இன்றைய நடையில் 'வில்' சேர்ந்த எதிர்கால வினை என்றால் 'சற்று நேரத்தில்'. 'இஸ்', 'ஆர்' மட்டும் நின்றால் 'தற்போது'.

சிக்கல் எங்கே என்றால், 'தி டிரெய்ன் இஸ் லீவிங் பிரசன்ட்லி' போன்ற வாக்கியத்தில். ரயில் இப்போதே கிளம்புகிறதா, இனிமேல்தானா? ஆங்கில வினை இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது; முன்பின் வரிகளைப் படிக்காமல் முடிவு செய்யக் கூடாது. நாமே ஆங்கிலத்தில் எழுதும்போது 'நவ்' அல்லது 'சூன்' போட்டுவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

அடுத்த இதழில் மூன்று பொருளையும் தந்து திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி