உன் இடது கையும் என் கத்தரிக்கோலும்

அன்புள்ள வனஜா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குச் சோம்பல்தான் காரணம், வேறு சாக்குச் சொல்லப் போவதில்லை. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். பேத்தி ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டாள். அவளைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவளும் உன் கட்சி. இடது கைக்காரி.

போன ஞாயிற்றுக்கிழமை வண்ணக் காகிதத்தில் நட்சத்திரம் வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டு விழாமல் காகிதம் மடங்கி, இரண்டு அலகுக்கும் நடுவில் போய் மாட்டிக்கொண்டது. "நிதானமா வெட்டு" என்று இரண்டு தடவை அதட்டினேன். மூன்றாவது தடவை அவள் கத்தரிக்கோலை என் பக்கம் நீட்டி, "நீயே இந்தக் கையால வெட்டிப் பாரு பாட்டி" என்றாள். இடது கையில் வாங்கி வெட்டினேன். எனக்கும் மடங்கியது. அப்புறம்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, 63 வயதில் முதல் முறையாக அந்தச் சாமானை உற்றுப் பார்த்தேன். வலது கையில் பிடித்து அமுக்கும்போது கட்டைவிரலின் தள்ளலில் இரண்டு அலகும் நெருங்கி உரசுகின்றன. இடது கையில் அதே அமுக்கல் அவற்றை விலக்கிவிடுகிறது. போதாததற்கு மேல் அலகு கோட்டை மறைத்துக்கொள்கிறது, எங்கே வெட்டுகிறோம் என்றே தெரிவதில்லை. இத்தனை நாள் அவளுக்குப் பொறுமை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

உடனே உன் ஞாபகம்தான். கைவேலை வகுப்பில் நீ வெட்டுகிற எல்லாவற்றுக்கும் ஓரம் எலி கடித்த மாதிரி இருக்கும். "கையில் சுத்தம் இல்லை" என்று டீச்சர் சொன்னதும் நாங்கள் சிரித்ததும் நினைவிருக்கிறதா? பெஞ்சில் உன் இடது முழங்கை என் வலது முழங்கையை இடிக்கிறது என்று புகார் சொல்லி உன்னை ஓரத்துக்கு மாற்ற வைத்தவளும் நான்தான். கல்லூரியில் பலகை வைத்த நாற்காலி வந்ததே, அதில் நீ உடம்பைத் திருகிக்கொண்டு எழுதுவாய். மூன்று வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் பலகை எல்லா நாற்காலிக்கும் வலது பக்கத்தில்தான் இருக்கிறது என்பது என் கண்ணில் படவே இல்லை. என் கைக்கு அடியில்தான் இருந்ததே, நான் ஏன் பார்க்கப் போகிறேன்? பத்துப் பேரில் ஒருவர் இடது கைக்காரராம். நம் வகுப்பில் நாற்பது பேர் என்றால் இன்னும் மூன்று பேர் சத்தம் போடாமல் திருகிக்கொண்டு எழுதியிருப்பார்கள்.

இது மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அன்றிலிருந்து இந்த மாதிரி விஷயங்களைத் தேடித் தேடிப் படிக்கிறேன். உன் காரையே எடுத்துக்கொள். கால் பெடலுக்கு எட்டாமல் இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறாய், உன் மகன் கேலி செய்கிறான் என்று எழுதியிருந்தாய். கார் மோதும் சோதனையில் உட்காரவைக்கிற பொம்மைகளில் உலகம் முழுக்கப் பிரபலமானது 1970களில் அமெரிக்காவில் உருவானது. சுமார் 175 சென்டிமீட்டர் உயரம், 78 கிலோ எடை, சராசரி ஆண். பெண் பொம்மை என்று பின்னால் வந்தது அந்த ஆணையே சுருக்கிச் செய்தது, உயரம் சுமார் ஒன்றரை மீட்டர்தான். 2011-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் விபத்துக் கணக்குகளை அலசினார்கள். பெல்ட் போட்டு ஓட்டிய பெண்களுக்குப் பலத்த காயம் ஏற்படும் வாய்ப்பு ஆண்களைவிட 47 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. சராசரிப் பெண் உடம்பு அளவில், 162 சென்டிமீட்டர் 62 கிலோவில், ஸ்வீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டர் என்ற ஆய்வாளரின் குழு ஒரு பொம்மையைச் செய்து காட்டியது 2022-இல்தான். மகன் இனிக் கேலி செய்தால் இதைச் சொல்.

சராசரி ஆண் என்பவனும் உண்மையில் இல்லை, அது வேறு வேடிக்கை. 1950-இல் அமெரிக்க விமானப்படை 4,063 விமானிகளை அளந்தது. உயரம், மார்பு, கை நீளம் என்று பத்து அளவு. பத்திலும் சராசரியை ஒட்டி இருந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஒருவர்கூட இல்லை. அதற்குப் பிறகுதான் விமானத்து இருக்கையை ஆளுக்குத் தகுந்தபடி நகர்த்துகிற மாதிரி செய்யச் சொன்னார்கள்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே படித்தேன். அடுத்ததைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. கொரோனா சமயத்தில் தம்பிக்கு மூச்சுத் திணறிய அந்த இரவைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேன். விரலில் மாட்டுகிற அந்தச் சின்னக் கருவி 94 காட்டியது. அவன் உட்கார்ந்தபடியே வாயைத் திறந்து மூச்சு இழுக்கிறான், நான் அவன் முகத்தைப் பார்க்காமல் அந்தச் சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டு "94 இருக்குடா, பயப்படாதே" என்று விடியும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன். பிழைத்துக்கொண்டான், அது வேறு விஷயம். அந்தக் கருவி விரலின் ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் பாய்ச்சுகிறது. ரத்தம் எதை எவ்வளவு விழுங்குகிறது என்பதை வைத்து ஆக்சிஜனைக் கணக்குப் போடுகிறது. ஆனால் தோலின் கருமையும் ஒளியை விழுங்குமே! 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். கருவி 92-லிருந்து 96 வரை காட்டிய நேரத்தில் தமனி ரத்தத்தைச் சோதித்தால் உண்மையில் 88-க்கும் கீழே இருந்தது, வெள்ளை நோயாளிகளிடம் 3.6 சதவீதச் சோதனைகளில், கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதத்தில். இதைவிடக் கோபம் வந்தது எதற்குத் தெரியுமா? இதே கோளாறை 1990-லேயே ஓர் ஆய்வு சுட்டிக்காட்டியிருக்கிறது. முப்பது வருஷம்!

தோல் என்றதும் நம் கல்லூரிக் குழுப் படம் ஞாபகம் வருகிறது. நம் இருவருக்கும் பல் மட்டும்தான் தெரியும். வண்ணப் படம் கழுவுகிற இடங்களில் நிறத்தைச் சரிபார்க்க ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் போட்ட அட்டையைத்தான் வெகு காலம் வைத்திருந்தார்களாம், அதற்கு ஷெர்லி அட்டை என்றே பெயர். அவள் முகம் நன்றாக வந்தால் படம் சரி. நாம் படக்காரரைத் திட்டினோம், பாவம்.

உன் மகன் சொன்னதாக எழுதியிருந்தாயே, இனிமேல் ஆளைத் தேர்ந்தெடுக்கிற வேலையைக் கணினியிடம் விட்டுவிட்டால் பாரபட்சம் ஒழிந்துவிடும் என்று. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களை ஜாய் புலம்வினி என்ற பெண் 2018-இல் சோதித்தார். வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம். கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை. நாம் ஊட்டியதைத்தானே அது கக்கும். அதற்காக எல்லாமே யாரோ உட்கார்ந்து செய்த சதி என்று பேசுகிறவர்களோடும் நான் சேரமாட்டேன். கைக்குக் கிடைத்த உடம்பை வைத்து அளவெடுத்திருக்கிறார்கள். அந்த அளவு பொருந்தியவர்களுக்கு அப்படி ஓர் அளவு இருப்பதே தெரியவில்லை, அதனால் யாரும் மாற்றவில்லை. பெஞ்சில் நான் இருந்த மாதிரி.

சரி, இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் விடைத்தாள் திருத்தினேன். என்றைக்கும் வருகைப் பதிவேட்டு வரிசைதான். அகிலாவில் தொடங்கி வேணுவில் முடிப்பேன். 2024-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலேயே இன்னொரு குழு மூன்று கோடிக்கும் மேற்பட்ட மதிப்பெண் பதிவுகளை அலசியிருக்கிறது. கணினி தருகிற அகரவரிசையிலேயே திருத்தினால் பெயர் கடைசியில் வருகிறவர்களுக்கு மதிப்பெண் கொஞ்சம் குறைகிறது. முன்னால் வருகிறவர்களோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு சுமார் 0.6. சின்ன எண்தான். ஆனால் ஒவ்வொரு பரீட்சையிலும் அதே பிள்ளைக்குத்தானே குறைகிறது? கடைசியில் வருகிற தாள்களில் எழுதுகிற குறிப்புகளும் கடுமையாக இருந்தனவாம். தலைகீழ் வரிசையில் திருத்திய சிலரிடம் எல்லாம் அப்படியே திரும்பிவிட்டதாம். படித்ததும் ராத்திரி பதினொன்றரை மணிக்கு வேணுவின் தாளைக் கொட்டாவியோடு புரட்டியது ஞாபகம் வந்தது. பழைய மதிப்பெண் பதிவேடுகள் அலமாரியில் கிடக்கின்றன. எடுத்துக் கூட்டிப் பார்க்கலாம். இன்னும் எடுக்கவில்லை.

உனக்கும் 'வ'. வாய்மொழித் தேர்வில் நான் முதல் ஆளாக உள்ளே போய்ச் சிரித்துக்கொண்டு வெளியே வருவேன். நீ சாயங்காலம் வரை வராந்தாவில் நிற்பாய், உள்ளே போனால் இரண்டே கேள்வி. உனக்கு அதிர்ஷ்டம், சீக்கிரம் விட்டுவிட்டார்கள் என்று நான் பொறாமைப்பட்டதாகக்கூட ஞாபகம். மதிப்பெண் என்ன வந்தது என்று கேட்டேனா? நீயே எழுது.

பேத்திக்கு இடது கைக் கத்தரிக்கோல் ஒன்று தேடி வாங்கினேன். நட்சத்திரம் இப்போது ஐந்து முனையோடு வருகிறது. அதே கத்தரிக்கோலால் நேற்று ஒரு பொட்டலத்தின் ஓரத்தை என் வலது கையால் வெட்டினேன், எலி கடித்த மாதிரி வந்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். உனக்கும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் தபாலில் வரும்.

உன்,
அமுதா