சிறையிலிருக்கும் தாயைப் ‘பிள்ளையைக் கைவிட்டவர்’ என்று அறிக்கையிட வேண்டாம் எனக் கோரும் மனு

கௌரவ ஆளுநர் அவர்கள்,
வடக்கு மாகாணம்,
ஆளுநர் செயலகம்,
யாழ்ப்பாணம்.

ஐயா,

நான் மானிப்பாயில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது 64. ஏழு வயதான என் பேத்தி இருபது மாதமாக வலிகாமத்தில் ஒரு சிறுவர் இல்லத்தில் இருக்கிறாள். அவளை மகவேற்க, அதாவது தத்தெடுக்க, ஒரு தம்பதியர் கொடுத்த விண்ணப்பம் இப்போது மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கிறது. நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் மாகாணத்துக்குரிய விடயங்கள். 2018 ஒக்டோபரில் வடக்கு மாகாண சபையின் காலம் முடிந்த பிறகு அதற்கென்று போய் நிற்க ஓர் அமைச்சர் இல்லை. அதனால்தான் தங்களிடம் வருகிறேன்.

நடந்த எதையும் நான் ஒளிக்கவில்லை. என் மகள் சீட்டுப் பிடித்தவள். சீட்டை எடுத்தவர்கள் கட்டாமல் விட, ஒன்றின் காசை மற்றதற்குப் போட்டு ஓட்டினாள். கடைசியில் ஊர்ச் சனத்தின் காசு போனது. இழந்தவர்களில் என் சொந்த மச்சாளும் ஒருவர். இன்றைக்கும் அவர் என்னோடு கதைப்பதில்லை, அதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். நீதிமன்றம் மகளுக்கு நான்கு வருடம் கொடுத்தது. அதை அவள் அனுபவிக்கத்தான் வேண்டும். பிள்ளையைப் பறிகொடுக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பில் ஒரு வரியும் இல்லை.

தீர்ப்பு நாளன்று, பிணையில் இருந்தவளை அங்கிருந்தே கொண்டு போனார்கள். பிள்ளையின் தகப்பன் வெளிநாடு போய் ஆறு வருடம், தொடர்பு இல்லை. எனக்கு இடுப்பு எலும்பில் சத்திரசிகிச்சை நடந்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. வீட்டைப் பார்க்க வந்த உத்தியோகத்தர் நான் நடைச்சட்டத்தை (வோக்கரை) பிடித்துக்கொண்டு நின்றதைக் கண்டு, ‘பராமரிக்க இயலாதவர்’ என்று எழுதினார். அன்றைக்கு அது சரி. நீதவான் நீதிமன்றத்தின் கட்டளையோடு பிள்ளை இல்லத்துக்குப் போனாள். அதன் பிறகு இந்த வீட்டுப் படலையை ஒருவரும் வந்து திறக்கவில்லை. இப்போது நான் தனியே பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய் மகளைப் பார்த்து வருகிறேன். கோப்பில் மட்டும் இன்னும் நடைச்சட்டத்தோடு நிற்கிறேன்.

சென்ற மாதம் மகவேற்பு விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்கப் போனபோது ஓர் உத்தியோகத்தர் சொன்னார்: “தாய் ஜெயில்ல தானே ரீச்சர், ஒண்டரை வருசத்துக்கு மேலாச்சு, கைவிட்டதெண்டுதான் கோட்டுக்கு அறிக்கை போகும்.”

ஐயா, என் மனு ‘கைவிட்டது’ என்ற இந்த ஒரு சொல்லைப் பற்றியதுதான். 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச் சட்டப்படி பெற்றோரின் சம்மதம் வேண்டும். பெற்றவர் பிள்ளையைக் கைவிட்டிருந்தால், தேடியும் கிடைக்காவிட்டால், சம்மதம் தர இயலாத நிலையில் இருந்தால், பராமரிப்புக்குக் கொடுக்க வேண்டியதைத் தொடர்ந்து கொடுக்காமல் விட்டிருந்தால், அந்தச் சம்மதம் இல்லாமலும் நீதிமன்றம் கட்டளை இடலாம். என் மகள் எங்கே இருக்கிறாள் என்பது அரசாங்கத்துக்கே தெரியும். சம்மதம் கேட்டு இன்றுவரை ஒருவரும் அவளிடம் போகவில்லை. தன் தோட்டை விற்கச் சொல்லி, அந்தக் காசில்தான் பிள்ளைக்குச் சப்பாத்தும் புத்தகப் பையும் வாங்குவித்தாள். பற்றுச்சீட்டுகள் என்னிடம் இருக்கின்றன.

அவள் மாதம் தவறாமல் கடிதம் எழுதுகிறாள். பிள்ளை ஒரு நாள் என்னிடம், “அம்மா எழுதமாட்டாவோ அம்மம்மா?” என்று கேட்டபோதுதான் விசாரித்தேன். பத்தொன்பது கடிதங்களும் சிறைச்சாலை முத்திரையோடு இல்லத்து அலுமாரியில் றப்பர் பாண்ட் போட்டபடி இருந்தன. பிள்ளை குழம்பிவிடும் என்று கொடுக்கவில்லையாம். ஒரு கடிதம் இல்லப் பொறுப்பாளருக்கே எழுதியது: “பிள்ளைக்கு வலப்பக்கம் சுழி இருக்கிறது, அங்கே வகிடு எடுத்தால் மயிர் எழும்பி நிற்கும், இடப்பக்கம் எடுத்துப் பின்னுங்கோ. கச்சான் கொடுக்க வேண்டாம், உடம்பு தடிக்கும்.” போன முறை நான் போனபோதும் வகிடு வலப்பக்கந்தான் இருந்தது. இதை எழுதியவளையா பிள்ளையைக் கைவிட்டவள் என்று எழுதப் போகிறார்கள்?

அமெரிக்காவில் இருக்கும் என் தம்பியின் மகன் சொன்னார், அங்கே 1997இல் ஒரு சட்டம் வந்ததாம். பிள்ளை கடைசி 22 மாதத்தில் 15 மாதம் அரச பராமரிப்பில் இருந்தால், பெற்றோர் உரிமையை நீக்க அரசு வழக்கு வைக்க வேண்டுமாம். பிள்ளை உறவினரிடம் வளர்ந்தால் அங்கேயும் விலக்களிக்க இடமுண்டு. எங்கள் சட்டத்தில் அப்படி ஒரு மாதக் கணக்கே இல்லை. அந்த உத்தியோகத்தரின் வாயில் மட்டும் இருக்கிறது. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 9ஆம் உறுப்புரையோ, பெற்றோரைப் பிரிந்திருக்கும் பிள்ளை, தன் நலனுக்குக் கேடில்லாதவரை, அவர்களோடு நேரடித் தொடர்பில் இருக்க உரித்துடையது என்கிறது.

விண்ணப்பித்த தம்பதியர் நல்லவர்களாகவே இருப்பார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் மகவேற்புக் கட்டளை பிறந்தால் தாயின் உரித்து முழுவதும் அற்றுப்போகும். தண்டனைக் கழிவு போக மகள் அடுத்த வருடம் வெளியே வருவாள். வந்து கேட்டாலும் அப்போது சட்டத்தின் முன் அவள் பிள்ளைக்கு வெறும் அந்நியர். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையென்றால் அதன் சம்மதத்தையாவது கேட்பார்கள். இவளுக்கு ஏழுதான்.

நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கில் தலையிடுமாறு நான் கேட்கவில்லை. அங்கே போகும் அறிக்கை உண்மையாகப் போகட்டும் என்றே கேட்கிறேன். அறிக்கை எழுதுமுன் ஓர் உத்தியோகத்தர் சிறைக்குப் போய் மகளின் வாக்குமூலத்தைப் பதிய வேண்டும். அவளுடைய கடிதங்களைப் பற்றியும் பற்றுச்சீட்டுகளைப் பற்றியும் அதில் குறிப்பிட வேண்டும். என் வீட்டையும் என் நடமாட்டத்தையும் திரும்ப வந்து பார்க்க வேண்டும். தகுதி உண்டென்று கண்டால், மகள் வரும்வரை பிள்ளையை என்னிடம் ஒப்படைக்க நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்க வேண்டும். கடிதங்களை மட்டும் இந்தக் கிழமையே பிள்ளையின் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். அவள் இரண்டாம் வகுப்பு; எழுத்துக் கூட்டி வாசிப்பாள்.

வழக்கின் அடுத்த தவணை வருகிற மாதம். என் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், வழக்கு இலக்கம், பற்றுச்சீட்டுகளின் பிரதிகள், வகிடு பற்றிய கடிதத்தின் பிரதி, என் வைத்தியரின் அண்மைய சான்றிதழ் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள
மனுதாரர் (பிள்ளையின் அம்மம்மா)